பிழை பொறுக்க வேண்டும் பாட்டு: பால் மார்ஷலின் கரியாக்கூப் புதினம்

பயண நூல்களைப் படிக்கும் பழக்கம் நம்முள் பலருக்கு உண்டு. சென்று வந்தவர் தாம் கண்டவற்றைச் சொல்ல, செல்லாதவர் வீட்டிலிருந்தே கண்டு மகிழ்வது அவ்வகை நூல்களின் பயன். ஆயின், கண்ணால் காணத்தக்கது ஏதும் எஞ்சாத ஓரிடத்திற்கு ஒருவர் தம் முன்னோரைத் தேடிச் சென்றால், அவர் எதைக் கண்டு வந்து சொல்வார்? அடிமைக் கப்பல்களில் ஏற்றிக் கரிபியன் தீவுகளில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தம் பெயரைக்கூட வைத்துக்கொள்ள விடப்படவில்லை. அவர்கள் எழுப்பிய கோபுரம் இல்லை. பொறித்த கல்வெட்டு இல்லை. கரும்பு ஆலைகளின் இடிந்த சுவர்களும் துரைமார் மாளிகைகளுமே அங்குப் பழைமைச் சின்னங்கள்.

இந்த வெறுமையைக் கண்டு சினந்தவர் வி. எஸ். நைப்பால். டிரினிடாடில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவர், 1960-இல் டிரினிடாட் அரசின் அழைப்பை ஏற்று அத்தீவுகளில் சுற்றி, 1962-இல் ‘தி மிடில் பாசேஜ்’ என்னும் பயண நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை அமெரிக்கக் கரைகளுக்குக் கொண்டுசென்ற கடல்வழிக்கு வழங்கிய பெயர் அது. ஆக்கமும் அருஞ்செயலும் உள்ள இடத்தில்தான் வரலாறு உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் அத்தகைய ஆக்கம் எதுவும் நிகழவில்லை என்பது அந்நூலில் அவர் கண்ட முடிவு. அம்முடிவு தீவு மக்களைப் பெரிதும் புண்படுத்தியது. இன்றும் அதனை மறுத்து எழுதுவோர் உளர்.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட புதினம் அந்நூலுக்கு மறுப்பாக எழுதப்பட்டது என்று சொல்லச் சான்றில்லை. எனினும் நைப்பாலை ஒரு கையிலும் இதனை மறு கையிலும் வைத்துப் படிப்பவர்க்கு, ஒரே கடலை இருவர் இருவேறு கரைகளில் நின்று பார்த்தது போன்ற உணர்வு உண்டாகாமற் போகாது. 1983-இல் வெளிவந்த இப்புதினத்தின் பெயர் ‘பிரெய்ஸ்சாங் ஃபார் த விடோ’. ‘கைம்பெண்ணுக்கு ஒரு வாழ்த்துப்பா’ எனத் தமிழில் சொல்லலாம். ஆசிரியர் பால் மார்ஷல் என்னும் பெண்மணி. 1929-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்து 2019-இல் மறைந்தவர். பெற்றோர் பார்படோஸ் தீவினின்று பிழைக்க வந்தவர்கள். பகலெல்லாம் பிறர் வீடுகளைத் துடைத்துப் பெருக்கிவிட்டு மாலையில் தம் தாயும் அவருடைய தோழியரும் அடுக்களை மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிய பேச்சே தமக்குக் கதைசொல்லும் கலையைக் கற்பித்தது என்று அவர் ஒரு கட்டுரையில் எழுதியுள்ளார். அடுக்களைப் புலவர்கள் என்று அப்பெண்களை அவர் போற்றுவதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் பிறந்த எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

கதை பெரிதன்று. ஏவி ஜான்சன் அறுபதைக் கடந்த கறுப்பின அமெரிக்கக் கைம்பெண். நியூயார்க்கை அடுத்த நார்த் வைட் பிளெயின்ஸ் என்னும் வசதியான புறநகரில் வாழ்பவள். தோழியர் இருவருடன் கரிபியன் கடலில் உல்லாசக் கப்பல் ஒன்றில் செல்கிறாள். கப்பலின் பெயர் ‘பியாங்கா பிரைட்’. ‘வெண்மையின் பெருமிதம்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதில் உணவுக்கூடம் ஒன்று. அதற்கு ‘வெர்சாய்’ என்று பெயர். பயணத்தை விரும்பாத இளைய மகள் மேரியன் அப்பெயரைக் கேட்டதும், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் கூறுபோட்டுக்கொள்ள எத்தனை உடன்படிக்கைகள் அந்த வெர்சாயில் எழுதப்பட்டன என்று அறிவாயா என்று தாயைக் கேட்கிறாள். தாய்க்கு அப்போது அது உறைக்கவில்லை. பின்னர் அக்கூடத்துக் கண்ணாடியில், நன்கு உடுத்தி நிமிர்ந்து அமர்ந்திருக்கும் கறுப்பினப் பெண்ணொருத்தியைக் கண்டு, யார் இவள் என்று வியக்கிறாள்; அது தன் உருவமே என்பது சற்றுத் தாமதித்தே தெரிகிறது. மார்ஷல் இவ்விடத்தில் விளக்கவுரை எழுதாமல் விட்டது பாராட்டத்தக்கது.

வயிற்றில் இனம்புரியாத ஒரு கனம். இரவில் ஒரு கனவு. என்றோ இறந்துபோன பாட்டி முறையான கியூனி கனவில் வந்து கைநீட்டி அழைக்கிறாள். வர மறுத்தவளோடு கைகலக்கவும் செய்கிறாள். ஏவி ஆறு பெட்டிகளையும் கட்டிக்கொண்டு கிரெனடாவில் இறங்கிவிடுகிறாள். மறுநாள் விமானத்தில் வீடு திரும்புவதே அவள் எண்ணம். அவளைக் கொண்டுசெல்வதோ லெபர்ட் ஜோசப் என்னும் முதியவர். கடற்கரையில் சாராயக்கடை நடத்தும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன் குலம் எது?

‘நேஷன்’ என்று அவர் சொல்வதைக் ‘குலம்’ என மொழிபெயர்த்தோம். நாடு என்றால் பொருந்தாது, சாதி என்றால் பிழையாகும். கரியாக்கூத் தீவினர் தம் முன்னோர் ஆப்பிரிக்காவில் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதை இச்சொல்லால் குறிப்பர். குரோமாந்தி, இக்போ, மாண்டிங், அராடா, சாம்பா, தெம்னே, மோக்கோ, கொங்கோ, பாண்டா என அவை விரியும். நியூயார்க்கிலிருந்து வந்த பயணி என்று ஏவி விடை சொல்கிறாள். அந்த விடையைக் கேட்டு முதியவர் கொள்ளும் துயரமே இப்புதினத்தின் நெஞ்சு என்பது நம் கருத்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்து, தாம் கண்ணாலும் காணாத தம் பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர் அவளிடம் காண்கிறார்.

கரியாக்கூவைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கிரெனடாவுக்கு வடக்கே உள்ள அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 34 சதுரக் கிலோமீட்டரே. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1763-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆகவே முதியோர் நாவில் பிரெஞ்சு கலந்த ‘பத்துவா’ என்னும் பேச்சு நெடுங்காலம் நின்றது. அங்குப் பருத்தி விளைந்தது. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்து 1838-இல் முழு விடுதலை கிடைத்தபின், ஊதியமில்லாத மண்ணில் துரைமார் தங்கவில்லை. கறுப்பின மக்கள் தம் போக்கில் விடப்பட்டனர். படகு கட்டினர், கடலோடினர், பிழைப்புக்காக வெளியூர் சென்றனர், இறந்தோர்க்குப் படையலிட்டனர். வறுமையும் தனிமையும் காத்துத் தந்தவை அங்கு மிகுதி. ‘பிக் டிரம்’ எனப்படும் பெருமுரசுச் சடங்கு அவற்றுள் தலையாயது. ஆட்டுத்தோல் போர்த்த முரசுகள் மூன்று. பழைய காலத்தில் சாராயப் பீப்பாய்களையே முரசாக்கினர். நிலத்தில் நீரும் சாராயமும் தெளிப்பர்; முன்னோருக்குத் தனித் தட்டில் உணவு படைப்பர்; ‘பெற்றோர் தட்டு’ என்றே அதற்குப் பெயர். பிறகு ஒவ்வொரு குலத்துக்கும் உரிய ஆட்டம் தனித்தனியே நிகழும். நாட்டுப்பாடல்களைத் தேடித் திரிந்த ஆலன் லோமாக்ஸ் 1962-இல் இத்தீவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். 2024 ஜூலை 1-ஆம் நாள் ‘பெரில்’ புயல் கரியாக்கூவைத் தாக்கி அங்குள்ள கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. அச்செய்தியைப் படித்தபோது இப்புதினத்தை முன்பே படித்திருந்த நமக்கு, முன்பின் கண்டிராத அவ்வூர் அயலூராகத் தோன்றவில்லை.

தீவைச் சேரும் முன் ஏவி கடல் கடக்க வேண்டியிருக்கிறது. இப்பகுதியை மார்ஷல் எழுதியுள்ள முறை துணிவு மிக்கது. கிரெனடாவில் வாழும் கரியாக்கூ மக்கள் ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும் பாய்மரக் கப்பலில் அவளும் ஏற்றப்படுகிறாள். துறையில் திரண்ட கூட்டத்தைக் கண்டதும், சிறுவயதில் ஹட்சன் ஆற்றில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடிப் படகில் சென்ற நாளும், தன் உந்தியிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மெல்லிய நூலிழைகள் புறப்பட்டு அங்கிருந்தோர் அனைவரையும் பிணைத்ததாக அன்று உணர்ந்ததும் நினைவுக்கு வருகின்றன. கடல் நடுவே அவளுக்குக் குமட்டல் எடுக்கிறது. வாந்தியும் பேதியுமாக உடல் தன் கட்டில் நில்லாமல் போகிறது. செல்வச் சீமாட்டி அறியாத மூதாட்டியர் மடியில் கிடக்கிறாள். பின் கப்பலின் இருண்ட சிற்றறையில் தனியே கிடக்கும்போது, தன்னைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான உடல்கள் நெருக்குண்டு முனகுவதாக ஒரு கணம் உணர்கிறாள். அடிமைக் கப்பல் என்ற சொல்லை வைத்து ஆசிரியர் உரத்து முழங்கவில்லை. உடல் அருவருக்கும் நிலையை அருவருப்பின்றி எழுதி, அந்த வழியாகவே நம்மை அங்குக் கொண்டுசேர்க்கிறார். மறுநாள் முதியவரின் மகள் ரோசலி பார்வே அவளைக் குழந்தைபோல் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்துவிடும் பகுதியும் இதற்கு ஈடானது. புதினத்தின் நான்கு பகுதிகளுள் மூன்றாவதற்குத் ‘தலைமுழுக்கு’ என்று பொருள்படும் பத்துவாப் பெயரை மார்ஷல் வைத்திருப்பது இதனால்தான்.

இரவில் பெருமுரசு தொடங்குகிறது. முதற்பாட்டு ‘பெக் பார்டன்’: பிழை பொறுக்க வேண்டும் பாட்டு. முதியோர் மண்டியிட்டு, மறைந்த முன்னோரிடம் தமக்காகவும், உலகெங்கும் சிதறிப்போன தம் மக்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கின்றனர். பயணம் போனவரின் நூல்களில் பயணி எதையேனும் பெற்று வருவது வழக்கம்; இங்கோ தீவு அவளிடம் ஒரு கடனை நினைவூட்டுகிறது. பின்னர்க் குல ஆட்டங்கள். ஏவி எதிர்பார்த்தது பெருவிழா. கண்டதோ கிழவர் சிலரின் தளர்ந்த ஆட்டம். குலத்துக்கு ஒரு பாட்டு, சில அடவுகள், ஒரு பெயர் – அவ்வளவே மிஞ்சியிருக்கிறது. பாட்டின் சொற்கள் சிலவற்றுக்குப் பொருளும் மறந்துபோயிற்று. எஞ்சியது எலும்பும் சாம்பலுமே என்று ஏவி கண்டுகொள்கிறாள். இதனை ஒளிக்காமல் எழுதியதே மார்ஷலின் நேர்மை. நைப்பால் கண்ட வெறுமையை அவரும் கண்டிருக்கிறார். எனினும், அந்த எச்சத்தை இறுகப் பற்றியிருக்கும் கைகளையும் அவர் பார்த்தார். நைப்பாலின் கண் அங்குச் செல்லவில்லை.

குல ஆட்டங்கள் முடிந்து எல்லோருக்கும் பொதுவான ஆட்டம் தொடங்கும்போது, நிலத்தைவிட்டு எழாமல் தேய்த்து நகரும் அந்தக் கால்வைப்பைத் தான் முன்பே அறிந்திருப்பதை ஏவி உணர்கிறாள். தென் கரோலினாவின் டாட்டம் தீவில் – அது ஆசிரியரின் கற்பனைத் தீவு – சிறுமியாகக் கோடைதோறும் கியூனியுடன் தங்கியபோது, தேவாலயத்தில் முதியோர் வட்டமாகச் சுற்றி ஆடிய ‘ரிங் ஷவுட்’ அது. ஆட்டத்தில் காலை மாற்றி வைத்தாள் என்று ஒருமுறை விலக்கப்பட்ட கியூனி, மானத்தால் திரும்பவும் உள்ளே போகாமல், சாலைக்கு எதிர்ப்புறம் நின்றே சிறுமிக்கு அதைக் காட்டுவாள். பார்த்து நின்ற கால்கள் இருளில் மெல்ல அசைந்தன. அந்தக் கால்களே இப்போது கரியாக்கூவில் வட்டத்துக்குள் நுழைகின்றன. ஆடும் முதியோர் அவள்முன் தலைதாழ்த்துகின்றனர். ஒருத்தி பெயர் கேட்க, கியூனி கற்பித்த முழுப்பெயரை ஏவி சொல்கிறாள்: அவதாரா. நம் காதுக்கு அப்பெயர் தரும் வியப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இனிக் குறைகளையும் சொல்லவேண்டும். லெபர்ட் ஜோசப் ஒரு கால் ஊனமுற்றவர், கோலூன்றி நடப்பவர், ஒரு கணம் நூறு வயதுக் கிழவராகவும் மறுகணம் இளைஞராகவும் தோன்றுபவர். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் வழிபடும் லெக்பா என்னும் கடவுள், நாற்சந்திகளையும் வாயில்களையும் காப்பவர், அவ்வுருவில் வருகிறார் என்பதை அறிந்தோர் உடனே அறிவர். அறியாதோரும் ஏதோ குறியீடு என்று ஐயுறுவர். சாராயக்கடைக் கிழவரின் கோபமும் துயரமுமே நமக்குப் போதுமாயிருக்க, அவர்மேல் தெய்வத்தை ஏற்றியது மிகை. கப்பலின் பெயர், பகுதிகளின் பெயர், கதைமாந்தரின் பெயர் ஆகிய அனைத்தும் ஒரே திசையைச் சுட்டுவதும் அத்தகையதே.

இன்னொன்று இதனினும் ஆழமானது. புதினத்தின் இரண்டாம் பகுதியில் ஏவியின் கணவன் ஜேயின் கதை வருகிறது. புரூக்ளினின் ஹால்சி தெருவில், வறுமையிலும் ஞாயிறுதோறும் ஜாஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு, கவிதை சொல்லி, மனைவியோடு அறைக்குள்ளேயே நடனமாடியவன் அவன். 1945-இல் ஒரு குளிர்காலச் செவ்வாய்க்கிழமை மாலை நடந்த கொடிய சண்டைக்குப்பின், பல வேலைகளை மேற்கொண்டு, இரவில் படித்துக் கணக்காளனாகிக் குடும்பத்தை உயர்த்துகிறான். இசைத்தட்டுகள் ஒலிப்பது நின்றது. டாட்டம் பயணங்கள் நின்றன. ஜே என்பவன் போய், தன் இனத்தாரையே பழித்துப் பேசும் ஜெரோம் ஜான்சன் எஞ்சினான். உயர்வையும் வேரையும் ஒருங்கே காத்திருக்க முடியாதா என்று கைம்பெண்ணான ஏவி கிரெனடா விடுதியில் அழுகிறாள். இப்பகுதியைக் கரியாக்கூப் பகுதியைவிடவும் உயர்ந்ததாக நாம் மதிக்கிறோம். பதவிக்கும் படிப்புக்கும் ஊர்மாறி வந்து, வீட்டில் பிள்ளைகளோடு பேசும் மொழி எது என்று தினமும் தடுமாறும் குடும்பங்களைக் கேட்டால், ஜெரோமை அவ்வளவு எளிதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டார்கள். ஏவியின் ஆறு பெட்டிகளும் விமானச் சீட்டும் அவன் உழைப்பில் வந்தவை. அவள் கரியாக்கூவுக்குப் போக முடிந்ததும் அதனாலேயே. மார்ஷல் அவனுக்காகக் கண்ணீர் விடுகிறார். ஆனால் அவன் பட்ட கடனைத் தீர்க்க இரவாட்டம் ஒன்று போதும் என்பதுபோல் கதையை முடித்துவிட்டாரோ என்ற ஐயம் நமக்குத் தீரவில்லை. 1983 அக்டோபரில், புதினம் வெளிவந்த அதே ஆண்டில், அமெரிக்கப் படைகள் கிரெனடாவில் இறங்கின. அத்தீவின் அரசியல் கொந்தளிப்புக்கு இப்பக்கங்களில் பெரிதாக இடமில்லை என்பதையும் குறித்துவைக்கலாம்.

முன்னோர் நாட்டை நோக்கித் திரும்பும் இவ்வேட்கையையே ஐயத்தோடு பார்த்தவரும் உண்டு. செயின்ட் லூசியா தீவின் டெரிக் வால்காட், பழம்பகையையும் பழம்பெருமையையும் மட்டுமே நாடும் இலக்கியம் தேங்கிவிடும் என்று 1974-இல் கட்டுரை எழுதியவர். 1992-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ‘ஒமெரோஸ்’ என்னும் 1990-ஆம் ஆண்டுக் காவியத்திலும் அக்கில் என்னும் மீனவன் வெயில் மயக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று தந்தையைக் காண்கிறான். உன் பெயருக்குப் பொருள் என்ன என்று தந்தை கேட்க, மகனுக்கு விடை தெரியவில்லை. வால்காட்டின் மீனவன் பொருள் அறியாப் பெயரோடு தன் தீவுக்கே மீள்கிறான். மார்ஷலின் கைம்பெண் மறந்த பெயரை மீட்டுக்கொள்கிறாள். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976-இல் வெளிவந்தபோது காம்பியாவின் ஜுஃபுரே சிற்றூர்வரை ஒரு குடும்பத்தின் வழி இடையறாது கிடைத்துவிட்டதாக உலகம் வியந்தது. அவ்வழியின் உண்மையைப் பின்னர் ஆய்வாளர் கேள்விக்குள்ளாக்கினர். ஏவிக்கு அத்தகைய ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவள் பாட்டியின் பெயர் தேடப்படவும் இல்லை. ஆகவே இவள் கதையைப் பொய்ப்பிக்க எவராலும் இயலாது.

பொருள் மறந்த பாட்டைப் பாடுவது பாட்டாகுமா என்று நம்மவருள் சிலர் கேட்பர். அதே கடலில், கரியாக்கூவுக்கு வடக்கே, மார்த்தினிக், குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுகள் உள்ளன. 1848-இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய தமிழர் அவர்களுள் பலர். அவர்களின் வழியினர் வீட்டில் பேசுவது தமிழன்று. ஆனால் மாரியம்மன் கோயில்களில் தப்பு ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டுக் கற்ற தமிழ்ப் பாடல்கள், பாடுவோர்க்கே முழுப்பொருள் விளங்காமல், பாடப்படுகின்றன. ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோரும் உண்டு. அவற்றைக் கேட்டு உச்சரிப்புப் பிழை திருத்த முற்படும் தமிழறிஞர், முதலில் மார்ஷலின் நான்காம் பகுதியைப் படிக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

கியூனி சிறுமிக்குச் சொன்ன கதையொன்று புதினம் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. விலங்கிட்டுக் கரையிறக்கப்பட்ட இக்போ மக்கள், வரவிருக்கும் காலம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுவிட்டுத் திரும்பி, கடல்மேல் நடந்தே ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டனராம். ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவில் 1803-இல் நடந்த நிகழ்ச்சி இக்கதைக்கு மூலம். அன்று நீரில் இறங்கியவர் மூழ்கியிறந்தனர் என்பது வரலாறு. அவர்கள் ஏன் மூழ்கவில்லை என்று பத்து வயது ஏவியும் கேட்டாள். ஏசு கடல்மேல் நடந்தபோது மூழ்கினார் என்று உன் ஞாயிறு வகுப்பில் சொன்னார்களா என்று திருப்பிக் கேட்டாள் கியூனி. அதன்பின் ஏவி அக்கேள்வியைக் கேட்கவில்லை.

கரியாக்கூவிலிருந்து திரும்பும் வழியில், நார்த் வைட் பிளெயின்ஸ் வீட்டை விற்றுவிட்டு ஆண்டின் ஒரு பகுதியை டாட்டத்தில் கழிப்பது என்றும், பேரப்பிள்ளைகளை அங்கு வரவழைத்து அதே கதையைச் சொல்வது என்றும் அவள் முடிவு செய்கிறாள். எப்படித் தொடங்குவது என்பதைக்கூட மனத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் வந்தார்களா, வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்பதை மார்ஷல் எழுதவில்லை. புதினம் அதற்குமுன்பே நின்றுவிடுகிறது.